கணக்கு எங்கேயோ இடிக்கிறதா? தடம் மாறிய வாழ்க்கையைச் சரிபார்க்க ஒரு வழிகாட்டி

2023 ஜூனில் பெரியவளின் ஸ்கூல் ஃபீஸுக்கு நான் கொடுத்த செக் திரும்பி வந்தது. கணக்கில் பணம் இருந்தது. கையெழுத்து பொருந்தவில்லை என்பதுதான் காரணம். இருபது வருடமாகத் திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள் நான். அடுத்தவர் செக் திரும்பினால் போன் போட்டுச் சத்தம் போடுவதே என் வேலையில் பாதி. இப்போது என் செக்கே திரும்பிவிட்டது.

வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்த தம்பி கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 2003இல் கணக்கு தொடங்கியபோது நான் போட்ட கையெழுத்து. முழுப் பெயரும் தெளிவாக இருந்தது. கடைசி எழுத்தின் சுழியைக் கீழே இழுத்து, அதற்கடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. "இதே மாதிரி ஒண்ணு போட்டுக் காட்டுங்க மேடம்" என்றார். பழைய செலான் ஒன்றின் பின்பக்கத்தில் ஏழெட்டு முறை போட்டுப் பார்த்தேன். வரவில்லை. தினமும் வவுச்சர் வவுச்சராகக் கிறுக்கி, என் கையெழுத்து ஒரு கோணல் கோடாகத் தேய்ந்துபோயிருந்தது. என் கையெழுத்தை நானே காப்பியடித்து, அதையும் தப்பாக அடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார்.

சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தேன். ஆனால் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்த வேப்பமரத்தடியிலேயே நின்றிருந்தேன்.

பெரிய துன்பம் எதுவும் எனக்கு அப்போது இல்லை. வேலை இருந்தது, வீடு இருந்தது, பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. உங்களுக்கும் அப்படி இருந்தால், அதற்கப்புறம் ஒரு வருடத்தில் நான் செய்ததை வரிசையாக இங்கே எழுதுகிறேன். வரிசை முக்கியம். முதல் இரண்டு படியைத் தாண்டிக் குதித்தவர்கள் பாதியில் விட்டுவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தொடங்கும் முன்: கணக்குப்பிள்ளை எப்படித் தேடுவார்?

வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்க்கும் பட்டியல்தான் டிரயல் பேலன்ஸ். அது டேலி ஆகாவிட்டால் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் முதல் வவுச்சரிலிருந்து எல்லாவற்றையும் புரட்டுவார்கள். அனுபவப்பட்டவர்கள் அப்படிச் செய்வதில்லை. கடைசியாக எந்த மாதம் டேலி ஆனது என்று கேட்பார்கள். அங்கிருந்து முன்னோக்கி வருவார்கள்.

அப்புறம் வித்தியாசத் தொகையைப் பார்ப்பார்கள். அது 9ஆல் வகுபட்டால், இலக்கம் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம். 450ஐ 540 என்று எழுதினால் வித்தியாசம் 90. வித்தியாசத்தைப் பாதியாக்கினால் வரும் தொகை ஏதாவது பதிவில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இருந்தால், வரவில் போக வேண்டியது செலவில் போயிருக்கும். இரண்டும் இல்லையென்றால், ஏதோ ஒரு பதிவு ஒரு பக்கத்தில் எழுதப்படாமலே விட்டுப்போயிருக்கும்.

இடம் மாறியது, பக்கம் மாறியது, விட்டுப்போனது. என் வாழ்க்கையிலும் இந்த மூன்றும்தான் இருந்தன. "நான் யார்" என்ற பெரிய கேள்வியோடு உட்கார்ந்திருந்தால் எனக்கு இது பிடிபட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

முதல் படி: முதலில் ரத்தப் பரிசோதனை

சிரிக்காதீர்கள். மனது சரியில்லை என்று நாம் நினைக்கிற பல நாட்களில் சரியில்லாதது உடம்பு.

குடும்ப டாக்டரிடம் போய், "எப்பவும் சோர்வா இருக்கு, எதிலயும் பிடிப்பில்ல, தூங்கினாலும் தூங்கின மாதிரி இல்ல" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12, வைட்டமின் டி இவற்றைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். தைராய்டு குறைந்தால் மந்தம், மறதி, மனச்சோர்வு, எடை கூடுவது எல்லாம் வரும். பி12 குறைவு சுத்த சைவக்காரர்களுக்கு வர வாய்ப்பு அதிகம். நாற்பதைத் தாண்டிய பெண்கள் மாதவிடாய் முறை மாறியிருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாதவிடாய் நிற்பதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே தூக்கமும் மனநிலையும் ஆட்டம் காணும்.

கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை, ஆண்களுக்கு 13க்குக் கீழே. எனக்கு 9.2 இருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "எப்படிம்மா ஆபீஸ் போய்ட்டு வர்றே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் அதை வழக்கம்போல டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேர விடாது என்று மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். ஒன்றரை மாதத்தில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது. எனக்கு வந்த வாழ்க்கை நெருக்கடியில் கிட்டத்தட்ட பாதி இரும்புச்சத்துக் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இதே படியில் இன்னொன்றும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், மனது கனத்தே கிடக்கிறதா? முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லையா? அது சோம்பலோ நன்றிகெட்டதனமோ இல்லை, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். டாக்டர்கள் இதற்கென்றே ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். அதுவும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் கேட்கும். சிகிச்சை உண்டு, குணமாகும். உயிரோடு இருந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு 14416ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற இந்த அரசு உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து செயல்படுகிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது. மீதிப் படிகள் எங்கேயும் ஓடிப்போகாது.

இரண்டாம் படி: பெரிய முடிவுகளை 90 நாள் சஸ்பென்ஸில் வையுங்கள்

எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகை வந்தால் நாங்கள் அதை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். இன்னும் விவரம் தெரியவில்லை, தெரிந்ததும் உரிய இடத்துக்கு மாற்றுவோம் என்று அதற்கு அர்த்தம். மறந்துவிட்டோம் என்று அர்த்தமில்லை.

ஒரு தாளில் எழுதுங்கள்: வேலையை விடுவது, ஊர் மாறுவது, இடம் விற்பது, புதிதாகக் கடன் வாங்கிக் கடை போடுவது, இத்தனை வருட உறவை ஒரே வாட்ஸ்அப் செய்தியில் முறிப்பது. மேலே இன்றைய தேதியையும் 90 நாள் கழித்து வரும் தேதியையும் போட்டு, பீரோவில் சேலைக்கடியில் வைத்துவிடுங்கள். என் தாளில் முதல் வரி "ரிசைன் பண்ணணும்". 90 நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது அந்த வரியை எழுதியது யார் என்று யோசிக்கவேண்டியிருந்தது. மூன்றாவது வரி மட்டும் அப்படியே உண்மையாக இருந்தது. அது குடும்ப விஷயம், இங்கே எழுத முடியாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. வீட்டில் அடி, மிரட்டல், பயம் இருந்தால் 90 நாள் எல்லாம் காத்திருக்கக் கூடாது. பெண்களுக்கான உதவி எண் 181.

மூன்றாம் படி: ஏழு நாள் நாட்குறிப்பு, உணர்ச்சி வேண்டாம்

டைரி எழுது என்று யார் சொன்னாலும் நமக்கு உடனே தத்துவம் எழுதத் தோன்றும். வேண்டாம். நேரத்தை மட்டும் எழுதுங்கள். தையல் நூல் கம்பெனிக்காரர்கள் கொடுத்த போன வருட டைரி எங்கள் வீட்டில் மூன்று கிடந்தது. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். புது நோட்டு வாங்காதீர்கள். புது நோட்டில் முதல் பக்கம் அழகாக இருக்கும், இரண்டாம் பக்கம் இருக்காது.

ஒரு பக்கத்தில் மூன்று பத்தி. எத்தனை மணிக்கு என்ன செய்தேன், அது யாருக்காக, முடித்ததும் உடம்பு எப்படி இருந்தது. மூன்றாவது பத்தியில் வார்த்தை எழுத வேண்டாம். லேசாக இருந்தால் கூட்டல் குறி, கனமாக இருந்தால் கழித்தல் குறி, ஒன்றும் தெரியாவிட்டால் பூஜ்யம். அரை மணிக்கு ஒருமுறை எழுத முடிந்தால் நல்லது, இல்லையென்றால் ஒரு நாளைக்கு நாலைந்து முறை. ராத்திரி மொத்தமாக உட்கார்ந்து எழுதினால் அது ஜோடித்த கணக்காகிவிடும். நாள் முழுக்க நடந்ததை ராத்திரி சோர்வு ஒரே நிறமாக அடித்துவிடும். போனில் திரை நேரக் கணக்கும் இருக்கும், அதையும் கடைசியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சலிப்பு. இரண்டாம் நாள் பொய் எழுதத் தோன்றும், நான் எழுதினேன். மூன்றாம் நாளிலிருந்துதான் உண்மை வர ஆரம்பித்தது.

ஏழு நாள் முடிந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு குறிகளை மட்டும் பார்த்தேன். நான் எதிர்பார்த்தது, ஆபீஸ் முழுக்கக் கழித்தல், வீட்டில் கூட்டல். வந்தது வேறு. ஆபீஸில் பேங்க் ரீகன்சிலியேஷன் செய்த, அதாவது எங்கள் பதிவையும் வங்கிப் பதிவையும் ஒப்பிட்டுச் சரிபார்த்த, ஒன்றரை மணி நேரம் கூட்டல். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாத விற்பனைக் கணக்கைப் போட மண்டையை உடைத்த நாளில்கூடக் கூட்டல். கழித்தல் விழுந்ததெல்லாம் ராத்திரி ஒன்பதரைக்கு மேல், ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் முதலாளி அனுப்பும் "அந்தப் பார்ட்டி பேமென்ட் என்னாச்சு" வகைக் கேள்விகளுக்கு, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு பதில் போட்ட நேரங்களில். அதன்பிறகு பதினொன்றேகால் வரை ரீல்ஸ். அது பூஜ்யம். ஏழு நாளும் பூஜ்யம்.

இன்னொரு கூட்டல் என்னைத் திகைக்கவைத்தது. புதன்கிழமை வண்டி பஞ்சர். அவிநாசியிலிருந்து திருப்பூருக்கு பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த அரை மணிக்கு எதிரே அழுத்தமாக ஒரு கூட்டல் குறி, பக்கத்தில் என்னையறியாமல் "மயில்" என்று ஒரு வார்த்தை. காலி மனையொன்றில் மயில் நின்றிருந்தது. ஆறு வருடத்துக்கு முன்பு இருபது நிமிடம் மிச்சம் பிடிக்கலாம் என்று பஸ்ஸை விட்டு ஸ்கூட்டிக்கு மாறியவள் நான். மிச்சம் பிடித்த இருபது நிமிடம் எங்கே போனது என்று அந்த டைரி காட்டிக்கொடுத்துவிட்டது.

நான்காம் படி: கடைசியாக டேலி ஆன மாதத்தைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான படி. ஒரு ஞாயிறு மதியம் முழுக்க வேண்டும்.

"சின்ன வயசில் நான் எப்படி இருந்தேன் தெரியுமா" என்று கிளம்பாதீர்கள். சின்ன வயதில் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தோம். தேட வேண்டியது சமீபத்திய ஒரு மாதம். நினைவை நம்பாமல் ஆவணத்தைப் பாருங்கள். போன் கேலரி, பணப்பரிமாற்றப் பட்டியல், நூலக அட்டை, டெய்லர் கடை ரசீது, பழைய பஸ் டிக்கெட் செருகிய புத்தகம், எது கிடைத்தாலும்.

நான் கேலரியைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். 2023, 2022, 2021. எல்லாம் காகிதம். ஆதார் நகல், பில், கேஸ் புக், மாத்திரை அட்டை, ஸ்கூல் சர்க்குலர். நடுவில் பிறந்தநாள் கேக், அதிலும் நான் இல்லை, எடுத்தது நான். 2020 ஜூனில் சின்னவனின் வீட்டுப்பாடப் படங்கள் தொடங்குகின்றன, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீதம். ஆன்லைன் வகுப்புக் காலம். அதற்கும் முன்னால் போனால் திடீரென்று நிறம் மாறுகிறது. 2019 சித்திரையில் அவிநாசித் தேர், சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவரின் கை மட்டும். ஒரு டீக்கடைப் பலகையில் எழுத்துப் பிழை. மழையில் நனைந்த பனியன் வேஸ்ட் மூட்டைமேல் ஒரு பூனை. அப்பாவின் செருப்பு. யாருக்கும் தேவைப்படாத படங்கள். எனக்குப் பார்க்கப் பிடித்ததைப் பார்த்து எடுத்தவை.

அந்த மாதிரிப் படங்கள் 2020 பிப்ரவரியோடு நின்றுபோகின்றன. ஆக, என் கடைசி டேலி மாதம் 2020 பிப்ரவரி.

இனி அங்கிருந்து முன்னோக்கி வந்து, மூன்று வகைப் பிழையையும் தேட வேண்டும்.

இடம் மாறியது: முன்பு காலையில் செய்ததை இப்போது ராத்திரி செய்கிறீர்களா, முதலில் வந்தது கடைசிக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். நான் சாப்பிடும் நேரம், குளிக்கும் நேரம், தூங்கும் நேரம் மூன்றும் வீட்டில் மற்ற எல்லோருக்கும் பிறகு என்று மாறியிருந்தன. எதுவும் தொலையவில்லை, 45 என்பது 54 ஆகியிருந்தது. இந்த வகைப் பிழையைத் திருத்துவது சுலபம்.

பக்கம் மாறியது: பாரம் என்று எழுதிவைத்த ஒன்று உண்மையில் வரவாக இருக்கும். மாதம் ஒருமுறை கோபியில் இருக்கும் பெரியம்மாவைப் பார்த்து வருவதை நான் கடமை என்றே நினைத்திருந்தேன், 2020க்கு அப்புறம் விட்டும்விட்டேன். யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டுத் திண்ணையில்தான் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத இரண்டு மணி நேரம் கிடைத்துக்கொண்டிருந்தது. நேர்மாறாகவும் நடக்கும். பொழுதுபோக்கு என்று வரவில் வைத்த ரீல்ஸைச் செலவில் கொண்டுபோய் எழுத வேண்டியதாயிற்று.

விட்டுப்போனது: அப்பா 2020 ஆகஸ்டில் இறந்தார். இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று இருந்த காலம். யார் அந்த இருபது என்று பட்டியல் போட்டது நான். அப்புறம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம், வங்கி, கேஸ் இணைப்பின் பெயர் மாற்றம். அக்கவுண்ட்ஸ் தெரிந்தவள் என்பதால் எல்லாம் என் தலையில். ஒவ்வொரு காகிதத்தையும் மூன்று நகல் எடுத்து, பஞ்ச் பண்ணி, ஃபைலில் கோத்தேன். அத்தனை பதிவிலும் அழுதது என்ற ஒரு பதிவு மட்டும் இல்லை. அன்றைக்கு மதியம் மூன்று வருடம் பிந்திய பதிவு ஒன்று அந்தச் செருப்புப் படத்துக்கு முன்னால் போடப்பட்டது. சின்னவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

உங்களுடையது சாவாக இருக்க வேண்டும் என்று இல்லை. கிடைக்காமல் போன புரமோஷன், கலைந்த கர்ப்பம், பேசாமல் போன நண்பர், விற்ற தோட்டம், பாதியில் நின்ற படிப்பு, எதுவாகவும் இருக்கலாம். "அதெல்லாம் அப்பவே முடிஞ்சு போச்சு" என்று நீங்கள் சட்டென்று சொல்வது எதைப் பற்றியோ அங்கே முதலில் பாருங்கள்.

கண்டுபிடித்துவிட்டால் அதை நான்கு நாள் தொடர்ந்து, தினமும் 15 நிமிடம் எழுதுங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களை இப்படி நான்கு நாள் எழுதவைத்தார். நடந்ததையும் அதனால் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் கொஞ்சம்தான் என்று தெரிந்தது. எழுதி முடித்த கையோடு மனது இன்னும் மோசமாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு இரண்டாம் நாள் அப்படித்தான் ஆனது. இலக்கணம் பார்க்காதீர்கள், யாருக்கும் காட்டாதீர்கள், முடிந்ததும் கிழித்துப் போட்டாலும் சரி. எழுதினால் உடைந்துபோவேன் என்று தோன்றினால் எழுத வேண்டாம், அதை ஒரு மனநல ஆலோசகர் முன்னால் பேசுங்கள்.

ஐந்தாம் படி: வாரத்துக்கு இரண்டு முறை, ஒரே ஒரு விஷயம்

இப்போது கையில் இரண்டு பட்டியல் இருக்கும். டைரியில் கூட்டல் விழுந்தவை ஒன்று. கடைசி டேலி மாதத்தில் இருந்து இப்போது இல்லாதவை மற்றொன்று. இரண்டிலும் வருகிற, அல்லது இரண்டுக்கும் நெருங்கிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று.

மனது வந்தால் செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. செயல் முதலில், மனது பின்னால் வரும். அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், எண்ணங்களை அலசித் திருத்தும் முழுச் சிகிச்சை கொடுத்த பலனை, நாளில் செய்யும் காரியங்களை மட்டும் திட்டமிட்டு மாற்றும் பகுதியே கொடுத்தது என்று தெரியவந்தது. எங்கள் பெரியம்மா இதை "எந்திரிச்சு வாசல் கூட்டு, எல்லாம் சரியாப் போகும்" என்பார். பாதி உண்மை. யாருக்காகக் கூட்டுகிறோம் என்பதும் முக்கியம்.

நான் எடுத்துக்கொண்டது செவ்வாயும் வெள்ளியும் பஸ். வேறு ஒன்றுமில்லை. சில நிபந்தனைகள் வைத்துக்கொண்டேன். நூறு ரூபாய்க்கு மேல் செலவாகக் கூடாது. எதையும் புதிதாக வாங்கக் கூடாது. ஸ்டேட்டஸில் போடக் கூடாது. போன் பைக்குள் இருக்க வேண்டும், படம் எடுக்க மட்டும் வெளியே வரலாம். உங்களுக்குக் கோலமாக இருக்கலாம், கேரமாக இருக்கலாம், காலையில் மைதானத்தைச் சுற்றுவதாக இருக்கலாம். நாளும் நேரமும் குறித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் ஒருநாளும் கிடைக்காது. 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். லண்டனில் நடந்த ஒரு ஆய்வில் பழக்கம் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள்.

காலை நாலரைக்கு எழுவது, வார இறுதி முகாம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம், இவற்றையும் கேட்பீர்கள். எதையும் குறை சொல்லவில்லை. கிரிவலம் எனக்கும் பிடிக்கும். ஆனால் திரும்பி வந்ததும் அதே சமையலறை, அதே வாட்ஸ்அப் குழு. மலையைச் சுற்றும் இரவைவிட ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை மாற்றுவதுதான் சிரமம்.

ஆறாம் படி: வீட்டில் சொல்லுங்கள், காரணம் சொல்லாமல்

இங்கேதான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வோம். நமக்காக ஒன்று செய்கிறோம் என்றால் அதற்கு ஒரு நியாயம் கற்பிக்க வேண்டும் என்று தோன்றும். டாக்டர் சொன்னார், பெட்ரோல் மிச்சம், முதுகு வலி. ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால் பெட்ரோல் விலை குறையும்போது உங்கள் பஸ்ஸும் நின்றுபோகும்.

எங்கள் வீட்டில் பேச்சு இப்படிப் போனது.

"அத்தை, செவ்வாயும் வெள்ளியும் நான் பஸ்ல போய்ட்டு வர்றேனுங்க. வர அரை மணி முன்னப் பின்ன ஆகும். மாவை மட்டும் எடுத்து வெளிய வெச்சிருங்க."

"ஏன், வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்குங்க."

"அப்புறம் எதுக்கு பஸ்ல?"

"சும்மாதானுங்க. ஜன்னலோரம் உட்கார்ந்து போகணும்னு இருக்குது."

அத்தை கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அப்படின்னா வெள்ளிக்கிழமை பூ வாங்கிட்டு வந்துரு. பஸ் ஸ்டாண்டுல மலிவு" என்றார். நான் பயந்ததெல்லாம் அவ்வளவுதான்.

ஆபீஸில் வேறு மாதிரி. "முடியாது" என்று நேரே சொல்ல நமக்கு வராது, சொன்னாலும் எடுபடாது. குழுவை ராத்திரி ஒன்பதுக்கு மியூட் பண்ணினேன். காலை எட்டரைக்கு எல்லாக் கேள்விக்கும் ஒரே செய்தியாகப் பதில் போட்டேன், தொகையும் தேதியும் சுத்தமாக. முதல் வாரம் முதலாளி இரண்டு முறை போன் பண்ணினார். மூன்றாம் வாரம் அவரே காலையில் கேட்க ஆரம்பித்தார். எல்லா முதலாளியும் இப்படி இருக்க மாட்டார்கள், தெரியும். மாதம் 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற கணக்கைப் போட்டு ஜிஎஸ்டி வரி கட்ட வேண்டிய நாளில் மட்டும் மியூட்டை எடுத்துவிடுவேன்.

இந்தப் படியிலேயே இன்னொன்றையும் செய்துவிடுங்கள். நீங்கள் இப்படி ஆவதற்கு முன்னால் உங்களைத் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டு, "அப்போ நான் எப்படிடி இருந்தேன்?" என்று கேளுங்கள். கணவனோ மனைவியோ வேண்டாம், அவர்களுக்கு இப்போதைய நம்மோடு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. என் ஹாஸ்டல் தோழி யோசிக்கவே இல்லை. "மெஸ் பில்லுல ரெண்டு ரூபா கூடப் போட்டுட்டாங்கன்னு வார்டன் ரூம் வாசல்ல ஒரு மணி நேரம் நின்னவ நீ. நாங்கெல்லாம் போதும்டி வாடின்னு கூப்பிட்டோம்" என்றாள். நான் சாதுவாக இருந்தேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் படி: மாதக் கடைசியில் அரை மணி

மாதாமாதம் சரிபார்த்தால் வித்தியாசம் சின்னதாகவே இருக்கும். வருடக் கடைசிக்கு விட்டால் மார்ச் 31 ராத்திரி அழ வேண்டும். மாதத்தின் கடைசி ஞாயிறு, அரை மணி. அந்த மாதக் கேலரியைத் திறந்து பாருங்கள், காகிதம் எத்தனை, பார்க்கப் பிடித்தது எத்தனை. எடுத்துக்கொண்ட விஷயம் எட்டு முறையில் எத்தனை முறை நடந்தது. சஸ்பென்ஸ் தாளில் ஏதாவது விவரம் தெளிந்திருக்கிறதா. அவ்வளவுதான்.

நடுவில் விட்டுப்போகும். எனக்கு 2024 மார்ச் முழுக்க விட்டுப்போனது, ஏப்ரலில் சின்னவனுக்கு அம்மை. இரண்டு மாதம் பஸ் ஏறவில்லை. விட்டுப்போன வாரங்களுக்குச் சேர்த்து அபராதம் கட்டுவதுபோல் இரட்டிப்பாகச் செய்யப் பார்க்காதீர்கள். அடுத்த செவ்வாயிலிருந்து மறுபடி, அவ்வளவே.

இதற்கிடையில் வங்கிக்குப் போனேன். புது மாதிரிக் கையெழுத்து கொடுக்க ஒரு படிவம் இருக்கிறது, அடையாள அட்டை நகலோடு நேரில் போக வேண்டும். முந்தின வாரம் பஸ்ஸிலேயே டிக்கெட் பின்பக்கம் போட்டுப் பழகியிருந்தேன். 2003இன் நீளமான கையெழுத்து வரவில்லை, அந்தக் கை இப்போது இல்லை. வவுச்சரில் போடும் கோணல் கோடும் வேண்டாம். முதல் நாலு எழுத்து தெளிவாக, மீதி ஓட்டமாக, அடியில் அந்தப் பழைய கோடு. இரண்டு புள்ளி வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து ஒன்று மட்டும் வைத்தேன்.

அதே தம்பிதான் கவுன்டரில். மூன்று இடத்தில் போடச் சொன்னார். மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இனிமே இப்படியேதான மேடம் போடுவீங்க?"

"போட்டுப் பார்க்கறேனுங்க" என்றேன்.

ஜூனில் பெரியவளின் அடுத்த வருட ஃபீஸுக்குச் செக் கொடுத்தேன். பாஸ் ஆகிவிட்டது.